ரெண்டை அமுக்கிய ஊர்

ஓடைக்கரிசல் என்ற ஊர் ஒரே மத்தியானத்தில் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது, அதுவும் கட்டை விரலால். முன்னின்று நடத்தி வைத்தவள் ஷேர் ஆட்டோ ஓட்டும் காளீஸ்வரி. அந்த மண்ணில் பெரும்பங்கு அவள் தலையில்தான் விழப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அன்று காலையில்தான் காளியம்மன் கோயில் பொங்கல் முடிந்து காப்பு அவிழ்த்திருந்தார்கள். பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டியதும் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. கட்டினால் கட்டியதுதான். அந்த வீட்டில் கறி மீன் கிடையாது. கட்டியவர் காலில் செருப்பு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பு அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் ஒருவரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. திருச்சுழிக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்யை எழுதிவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்பிவிட வேண்டும். அதனால் காப்பு அவிழ்த்த அன்றைக்கு ஊரே கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு வேப்பமரத்து நிழலில் சாய்ந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வீடு போன் அடித்தது.

எடுத்தால் ஒரு பெண் குரல். எழுதி வைத்துப் படிக்கிற குரல்.

"வணக்கம். உங்கள் குடும்பக் காப்பு தற்போது நடப்பில் உள்ளதா? உள்ளது என்றால் எண் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் எண் இரண்டை அழுத்தவும்."

"நம்ம காப்பு கட்டுனது இவுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் மாரிச்சாமி. காளீஸ்வரியின் புருஷன். ஏப்பம் விட்டுக்கொண்டேதான் கேட்டான்.

"கோயிலு ஆபீசுல இருந்து கேப்பாகளா இருக்கும். பொங்கல் நல்லபடியா முடிஞ்சுதான்னு தெரியணும்ல?" என்றாள் காளீஸ்வரி. தன் போனில் ரெண்டை அமுக்கினாள். பிறகு தெருவுக்கு வந்து, ரெண்டா ஒண்ணா என்று விழித்துக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "காப்புத்தான் அவுத்தாச்சே, ரெண்டை அமுக்குங்க! சாமி காரியத்துல பொய் சொல்லாதீக!"

ஊர் அமுக்கியது. கண் சரியாகத் தெரியாதவர்களுக்குக் காளீஸ்வரியே அமுக்கிவிட்டாள். பக்கத்து வீட்டு முத்துத்தாய் மட்டும் போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, "அவுத்தாச்சு தாயி, கறிகூடத் தின்னாச்சு" என்று அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் பச்சைக் கார்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருசம் சர்க்கார் புதிதாக ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வெள்ளோட்டம் விட்டது. எல்லா ஊருக்கும் அல்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் விழுந்த ஊர்களுக்குக் கார்டு கொடுத்தார்கள். விழாத ஊர்களுக்கு, உங்களுக்கு என்ன நோவு என்று வந்து கேட்டு மட்டும் போனார்கள். கார்டு உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். ஓடைக்கரிசலுக்குச் சீட்டு விழுந்தது. எம்.ரெட்டியபட்டிக்கு விழவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் ரெட்டியபட்டிக்காரர்கள் ஒரு வாரம் காளீஸ்வரியின் ஆட்டோவில் ஏறவில்லை.

கார்டு பச்சை நிறத்தில் இருந்ததால் ஊரில் அதற்குப் பச்சைக் கார்டு என்று பெயர். ஆனால் சென்னையில் யாரோ ஒரு தமிழ்ப் பற்றாளர், குளுகுளு அறையில் உட்கார்ந்து யோசித்து, அதற்குக் 'குடும்பக் காப்பு' என்று அழகாகப் பெயர் சூட்டியிருந்தார். கார்டின் அடியில் எறும்பு எழுத்தில் அது அச்சாகியிருந்தது. அதை ஓடைக்கரிசலில் ஒருவரும் படித்ததில்லை. அந்தப் பெயரை வைத்தவர் மட்டும் கையில் கிடைத்தால், காளீஸ்வரி அவரைக் காசு வாங்காமல் ஆட்டோவில் ஏற்றிப்போய்க் கருவேலங்காட்டுக்குள் இறக்கிவிட்டு வந்திருப்பாள்.

ஏனென்றால் அவளுக்குப் பித்தப்பையில் கல். ஒரு நாள் பந்தல்குடி ரோட்டில் ஆட்டோ நிறைய ஆள் இருக்கும்போதே வலி வந்து, ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்துவிட்டாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, உடனே எடுத்துவிட வேண்டும், இன்னொரு தடவை வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். காப்பு கட்டியிருக்கிறதே, ராத்தங்க முடியாதே என்று பொங்கல் முடியும்வரை தவணை கேட்டவள் இவள்தான். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

போன் வந்த மறுநாள், மாற்றுச் சேலையும் சோப்பு டப்பாவுமாக ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். கவுண்டரில் இருந்த பெண் கார்டைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கார்டு ஓடாதுக்கா. நீங்க விலகிட்டீங்கன்னு காட்டுது."

"நான் எங்க விலகுனேன்? இங்கதான நிக்கேன்."

"நீங்க மட்டும் இல்ல. உங்க ஊரே விலகியிருக்கு. பாதி வீட்டுக்கு மேல வேண்டாம்னு சொன்னா ஊரையே எடுத்துருவாங்களாம். நேத்துத்தான் எடுத்திருக்காங்க."

கார்டு இல்லாமல் என்றால் ஆட்டோவை விற்க வேண்டும். ஆட்டோவை விற்றுவிட்டுப் பித்தப்பையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதையும்தான் எடுக்கப்போகிறார்களே. காளீஸ்வரி ஆஸ்பத்திரி வாசலில் தன் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். பயத்தில் வந்த அழுகை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரெட்டியபட்டி ரெட்டியபட்டி என்று ஆள் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இம்மானுவேல் வந்து இறங்கினான். திட்டத்தை மதிப்பிடவும் கண்காணிக்கவும் வைத்திருக்கும் அதிகாரி. வயது குறைவு, உற்சாகம் அதிகம். ஒரு ஊரே ஒரே நாளில் ஒரு திட்டத்தைத் தூக்கி எறிந்தது இதுவரை எங்கும் நடக்காத அதிசயமாம். அதை ஆராய்ந்து பெரிய கூட்டத்தில் பேசுவதற்கு அவனுடைய மேலதிகாரி இப்போதே கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டாராம். அருப்புக்கோட்டையில் ஏசி ரூம் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வந்து போகக் காளீஸ்வரியின் ஆட்டோவையே பேசிக்கொண்டான்.

வீடு வீடாகப் போனான். "உங்களுக்கு என்ன குறை? தயங்காமச் சொல்லுங்க" என்றான்.

அதிகாரி ஒருவர் தானாக வந்து குறை என்ன என்று கேட்டால் ஓடைக்கரிசல் விடுமா? குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். பஸ் வராதது, ரேஷன் பருப்பில் கல் கிடந்தது, மருமகள் மதிக்காதது எல்லாவற்றையும் சொன்னார்கள். இம்மானுவேல் கண்கள் மின்ன அத்தனையையும் டேப்லெட்டில் ஏற்றினான். பருப்பில் கல் இருந்ததால் ஒரு குடும்பம் காப்பீட்டை விட்டுவிட்டது என்று உலகத்திலேயே முதல்முறையாகக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

காளீஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஆட்டோவை ஓரங்கட்டினாள். "சார், ஊரு வேண்டாம்னு சொன்னதா சொல்லுதீகளே, யாருட்ட சொன்னோம்? எப்பச் சொன்னோம்?"

"போன்லதாங்க்கா. பதிவு செஞ்ச குரல் கேட்டுச்சே? அதுல ரெண்டை அழுத்தினா திட்டம் வேண்டாம்னு அர்த்தம். இருங்க, போட்டுக் காட்டறேன்."

போட்டான். உங்கள் குடும்பக் காப்பு தற்போது நடப்பில் உள்ளதா?

காளீஸ்வரி அதை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் கல் இருக்கும் இடத்தில் சுரீர் என்று வலித்தது. விலாவைப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். தன் மணிக்கட்டில் இன்னும் போகாத மஞ்சள் கறையைக் காட்டி, பொங்கல், காப்பு, கறிக்குழம்பு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது இம்மானுவேலின் முகத்தில் ஈயாடவில்லை. சென்னையில் தைத்துக்கொண்டிருக்கும் கோட்டு அவன் கண்ணுக்குள் வந்து போயிருக்கும்.

ஆனாலும் நல்ல பையன். "தப்பு எங்களோடதுதாங்க்கா. சரி பண்ணிடலாம்" என்றான். போனில் மேலிடத்தோடு நெடுநேரம் பேசிவிட்டு வந்து சொன்னான். சிஸ்டத்தில் கையால் மாற்ற முடியாதாம். அதே குரல் மறுபடி ஊருக்குக் கூப்பிடும், இந்தத் தடவை எல்லோரும் ஒன்றை அமுக்க வேண்டும். எப்போது கூப்பிடும்? அடுத்த சுற்றில்தான், மாதக் கடைசி ஆகும். கேள்வியையாவது மாற்றலாமா? கூடாது. எல்லா ஊருக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

மாதக் கடைசிவரை கல் சும்மா இருக்குமா என்ற கவலை ஒருபக்கம். ஒன்றை அமுக்கச் சொல்லித் தெருவில் இறங்கினால் அங்கே வேறொரு மலை நின்றது. கோயில் பூசாரி பால்ச்சாமி.

"கட்டாத காப்பைக் கட்டியிருக்குன்னு சொல்லச் சொல்லுதியாக்கும்?" என்றார்.

"மாமா, அது கார்டைத்தான் காப்புங்குது. ஆத்தா காப்பை இல்ல."

"அது ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆத்தாவுக்குச் சொல்லு மட்டுந்தானத்தா காதுல விழும்? ஊரே சேந்து காப்பு இருக்கு, காப்பு இருக்குன்னு சொன்னா, எங்கலே கட்டியிருக்கீகன்னு கேப்பாள்ல? பொங்கல் முடிஞ்ச சூடு ஆறல. நான் ஒண்ணை அமுக்க மாட்டேன்."

பூசாரி அமுக்க மாட்டேன் என்றால் ஊர் அமுக்குமா? சாமி காரியத்தில் பொய் சொல்லாதே என்று இவள் தெருவில் நின்று கத்தியதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னார்கள். காளீஸ்வரிக்குக் கோபம் கோபமாக வந்தது. அதில் பாதி தன் மேல்.

"அப்ப நெசமாவே கட்டிருவோம். கொரோனா வருசம் பொங்கலுக்குத் தடைன்னு நீங்க ஒருத்தரு மட்டும் ஊருக்கே சேத்துக் கட்டுனீகள்ல? அதே மாதிரி இப்பக் கட்டிக்கிடுங்க."

"கட்டலாம். ஆனா ஊர்க்காரன் எவன் கட்டுனாலும் கட்டு ஊருக்கே சேரும். அப்புறம் நீ எப்பிடி ஆஸ்பத்திரியில ராத்தங்குவ?"

காப்பு இல்லையென்றால் கார்டு ஓடாது. காப்பு இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது. காளீஸ்வரி கோயில் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். யோசித்தாள். அவள் முகம் மெல்ல மாறியதைப் பார்த்து மாரிச்சாமி ஓரடி பின்னால் நகர்ந்தான். அந்த முகத்தை அவன் கல்யாணம் ஆன புதிதில் பார்த்திருக்கிறான்.

"மாமா, அசலூர்க்காரன் ஒருத்தன் ஊருக்காகக் கட்டிக்கிட்டா?"

பால்ச்சாமி தாடையைச் சொறிந்தார். "கட்டு இருக்கும். அவனுக்கு இங்க வீடு வாசல் இல்லாததால கட்டுப்பாடு அவன் ஒருத்தனோட போயிரும். ஆனா எந்தக் கிறுக்கன் வந்து…"

பேச்சை நிறுத்திவிட்டு அவரும் அவள் பார்த்த திசையில் பார்த்தார். ஆட்டோவுக்குள் டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான் இம்மானுவேல்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையனாச்சேத்தா."

"ஆத்தா என்ன ரேஷன் கார்டா கேக்கப்போறா?"

இம்மானுவேலிடம், ஊர் மரியாதை செய்ய ஆசைப்படுகிறது என்று மட்டும் சொன்னார்கள். கையை நீட்டினான். பால்ச்சாமி மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது பெண்கள் குலவையிட்டார்கள். அவனுக்குப் புல்லரித்துவிட்டது. கயிறு தெரியும்படி ஒரு செல்ஃபி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினான். "சரிக்கா, வெயிலு ஏறுது. ரூமுக்குப் போவோமா?" என்று ஆட்டோவில் காலை வைத்தான்.

"ராத்திரி இங்கதான் தம்பி" என்றாள் காளீஸ்வரி. சார் தம்பியாகி விட்டிருந்தான். "காப்பு அவுக்குற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. செருப்பைக் கழத்திருங்க. கறி கிடையாது. பாயிலதான் படுக்கணும்."

"என்னக்கா இது, முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா கட்டியிருப்பீகளா?"

இம்மானுவேலுக்கு வந்த கோபத்தில் காது சிவந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தான். யாரும் தடுக்கவில்லை. காளீஸ்வரி சாந்தமாகச் சொன்னாள். "அத்துப் போட்டுட்டுப் போங்க, ஒங்களை யாரு கட்டிப்போட்டா? ஆனா அப்புறம் ஊரு ஒண்ணை அமுக்காது. நாங்க ரெண்டை அமுக்குனா ஒங்க கணக்கு தப்பு. ஒண்ணை அமுக்குனா எங்க கணக்கு தப்பு. நீங்க ஒருத்தரு பாயில படுத்தா ரெண்டு கணக்கும் சரி." பிறகு குரல் தழைய, "எனக்குப் பயமா இருக்கு தம்பி" என்றாள். அது தந்திரம் இல்லை.

இம்மானுவேல் செருப்பைக் கழற்றினான்.

அவனைப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் சமுதாயக் கூடத்தில் தங்கவைத்தார்கள். மாரிச்சாமி ரூமுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தான். பாய் கொடுத்தார்கள், தலையணையும் கொடுத்தார்கள். கொசுவை ஊர் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முத்துத்தாய் கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்து, "வெக்கப்படாமச் சாப்பிடுங்கய்யா" என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் முள் குத்திய காலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டான். அந்தக் குரல் கூடத்துக்கு வெளியேயும் கேட்டது. மாதக் கடைசிவரை எல்லாம் இருக்க முடியாது என்றான். அடுத்த சுற்று, அது இது என்று மறுமுனை ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "சுத்தறது நானா நீங்களா சார்?" என்று கத்தினான்.

மாதக் கடைசிக்கு முன்னால் வரவே முடியாத அழைப்பு அன்று மத்தியானமே வந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போன் அடித்தது. உங்கள் குடும்பக் காப்பு தற்போது நடப்பில் உள்ளதா? எல்லோரும் சமுதாயக் கூடத்தின் வாசலைப் பார்த்தார்கள். இம்மானுவேல் வெளியே வந்து மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். பால்ச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒன்றை அமுக்கினார். ஊர் அமுக்கியது. முத்துத்தாய் மட்டும், "இருக்கு தாயி, அந்தச் செவத்த பையன் கட்டியிருக்கான்" என்று அடையாளம் சொன்னாள். காளீஸ்வரி ஓடிப்போய் அவளுக்காக அமுக்கிவிட்டு வந்தாள்.

"இப்ப அவுத்துடலாமா?" என்று கையை நீட்டினான் இம்மானுவேல்.

பால்ச்சாமி தலையசைத்தார். "கட்டுன காரியம் முடியணுமே தம்பி. இவ போயி வகுத்தை அறுத்துட்டு வீடு வந்து சேரட்டும்."

காளீஸ்வரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வழக்கமாக இப்படிப் போய்ச் சேர்ந்தால், கார்டு ஓடினாலும், சென்னையிலிருந்து சம்மதம் வரும்வரை 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தடவை பரிசீலனை செய்கிறவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. இம்மானுவேல் பாயில் உட்கார்ந்தபடி டேப்லெட்டைப் பார்ப்பான், பரிசீலனை என்று இருந்தால் போன் போடுவான். எந்த மேசையில் நிற்கிறது, அந்த ஆள் ஏன் டீ குடிக்கப் போனார், எப்போது வருவார் என்று கேட்பான். திட்டத்தைக் கண்காணிக்க என்று சம்பளம் வாங்கியவன் அந்த நாட்களில்தான் அதை நெசமாகக் கண்காணித்தான்.

சம்மதம் வந்தது. ஆபரேசனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் காளீஸ்வரி பயத்தில் கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டாள். அப்போது போன் அடித்தது.

"அக்கா, பயப்படாதீங்க. சீக்கிரம் நல்லபடியா வந்துருங்க."

"எம்புருசன்கூட இப்பிடிச் சொல்லல தம்பி."

"உங்க புருசனுக்கு என்னக்கா, அவரு நேத்துக் கறியோட பரோட்டா தின்னாரு."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். மயக்க ஊசி போடும் டாக்டர், இந்தம்மாவுக்கு ஏற்கெனவே யாராவது ஊசி போட்டுவிட்டீர்களா என்று கேட்டாராம்.

அவள் வீடு திரும்பிய அன்று, எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து இம்மானுவேலிடம் காட்டினாள். "இவ்வளவுதானா?" என்றான் அவன். பால்ச்சாமி காப்பை அவிழ்த்தார். ஊரே கிடா வெட்டாத குறையாக அவனுக்குக் கறிக்குழம்பு ஊற்றியது. போகும்போது காளீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கேள்வியை மாத்தாம விடமாட்டேன்க்கா" என்று சத்தியம் செய்தான்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தான். தையல் ஆறி, அவள் மறுபடி ஆட்டோ எடுத்து நாளாகியிருந்தது. ஒரு மத்தியானம் வீட்டுக்கு வீடு போன் அடித்தது. காளீஸ்வரி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மாரிச்சாமி எடுத்தான். சாட்சாத் இம்மானுவேலின் குரல். காப்பு என்ற சொல்லே இல்லாத, பச்சைப் பிள்ளைக்கும் விளங்குகிற கேள்வி.

"வணக்கம். பச்சைக் கார்டு இப்போது உங்கள் கையில் உள்ளதா? உள்ளது என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

மாரிச்சாமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கையில எங்க இருக்கு? பீரோவுலல்ல இருக்கு" என்றான். கட்டை விரல் ரெண்டை நோக்கிப் போனது.

பக்கத்து வீட்டிலிருந்து முத்துத்தாய், "எங்கிட்டயும் கையில இல்லய்யா, அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன்" என்று இம்மானுவேலுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

காளீஸ்வரி எச்சில் கையோடு போனைப் பிடுங்கி வீசினாள். ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினாள். ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டே தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனாள். "ரெண்டை அமுக்காதீக! கார்டைக் கையில எடுங்க! எடுத்துக் கையில வச்சுக்கிட்டு ஒண்ணை அமுக்குங்க!"

ஊர் வீட்டுக்குள் ஓடியது. பீரோக்கள் திறந்தன, பானைகள் கவிழ்ந்தன. வாசலுக்கு வாசல் ஒரு கையில் கார்டும் மறு கையில் போனுமாக ஆட்கள் வந்து நின்றார்கள். கோயில் வாசலில், அடுத்த வாரம் கண் ஆபரேசனுக்குத் தேதி வாங்கி வைத்திருந்த பால்ச்சாமி, கார்டைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்டோவைக் குறுக்கே மறித்தார்.

"ஏத்தா, காளீ! எந்தக் கையின்னு சொன்னானா? எடது கையா, வலது கையா?"